கால் படாத இடம்

ஜனவரி 11, ஞாயிறு

பாம் டெசர்ட் என்கிற இந்த வெளிநாட்டுப் பாலைவன ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்றைக்குத்தான் ராத்திரியில் தூங்கிப் பகலில் விழித்திருக்கிறேன்.

மகள் செண்பகாவின் வீடு ஊரின் கடைசி வரிசை. பின்பக்கச் சுவரைத் தாண்டினால் ஒரு மண்பாதை, அதற்கப்பால் சான்டா ரோசா மலை. குற்றாலத்து மலையைப் பார்த்த கண்ணுக்கு இது மலை மாதிரியே தெரியவில்லை. பாறையும் முள்ளும்தான். கீழே மட்டும் கோல்ஃப் மைதானம், நீச்சல் குளம், ஓட்டல் என்று தண்ணீரைக் கொட்டிப் பச்சையாக வைத்திருக்கிறார்கள். பணக்காரர்கள் வெயில் காய்வதற்கென்றே வருகிற ஊராம். மாப்பிள்ளை சைலப்பன் அப்படியொரு ஓட்டலில் கணக்குப் பிரிவில் இருக்கிறார்.

மலை முழுக்க அரசாங்கப் பாதுகாப்பில் இருக்கிறது. மண்பாதை முடிகிற இடத்தில் பெரிய போர்டு. காட்டாடுகள் குட்டி போடும் காலம், ஜூன் வரைக்கும் இந்தச் சரிவில் யாரும் கால் வைக்கக் கூடாது. ஆட்டுக்குப் பிரசவ லீவு கொடுக்கிற ஊரை இப்போதுதான் பார்க்கிறேன்.

என் மனைவி ஆவுடைக்கு ஒரே கவலை. “பூ இல்லாம எப்படிங்க சாமி கும்பிட? கடையில இருக்கதுக்கு ஒரு வாசனையும் இல்ல.” ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு சாண் முருகன் சிலைக்கு வெறும் துளசிதான் போட்டாள்.

ஜனவரி 13, செவ்வாய்

பூ கிடைத்துவிட்டது!

அடுத்த வீட்டு மார்லீன் அம்மாளின் உள்முற்றத்தில் செவ்வரளி வேலி, ஆள் உயரத்துக்கு மேல் பூத்துக் கிடக்கிறது. செண்பகா போய்ப் பேசினாள். மார்லீன் எழுபது தாண்டியவள், புருஷன் இறந்து தனியாக இருக்கிறாள். வேலி அவர் வைத்ததாம். சாமிக்கு என்றதும் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளுங்கள் என்றாள். அரளி விஷம், கையைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் பாடம் வேறு. சங்கரன்கோவில்காரனுக்கு அரளியைப் பற்றிச் சொல்லித் தருகிறாள்! எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். இன்னும் ஏதோ ஒன்று சொன்னாள், தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆவுடை உதிரிப்பூவாகவே அர்ச்சனை செய்தாள். முருகன் முகத்தில் இன்றைக்குத்தான் களை.

ஜனவரி 14, புதன்

வீட்டில் ஒரு சின்ன யுத்தம்.

நேற்றுச் சாமிக்குப் போட்ட பூவைச் செண்பகா தோட்டக் குப்பைத் தொட்டியில் போடப் போனாள். கையைப் பிடித்துவிட்டேன். முப்பது வருஷம் கோயில் நிர்வாக அலுவலராக இருந்தவன் நான். நிர்மால்யம் குப்பைக்குப் போகக் கூடாது. ஆற்றில் விடவேண்டும், அல்லது கால் படாத இடத்தில் போடவேண்டும்.

“அப்பா, இங்க ஆத்துக்கு எங்க போக? பச்சைத் தொட்டியில போட்டா உரமாத்தானே ஆக்குதான்.”

ஆவுடை நடுவில் வந்தாள். “எலுமிச்சை மூட்டுல குழி தோண்டிப் போட்டுருவோம்ங்க. யார் மிதிக்கப் போறா?”

தோட்டக்காரன் பூட்ஸ் காலோடு அங்கேதான் நிற்கிறான். முடியாது என்றுவிட்டேன். பையை எடுத்துக்கொண்டு மண்பாதையில் நடந்தேன். போர்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. கால் வைக்கக் கூடாது என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. இதைவிட உத்தமமான இடம் எங்கே கிடைக்கும்? கொஞ்சம் ஏறி, ஒரு பாறை இடுக்கில் பக்தியாகக் கொட்டிவிட்டு வந்தேன்.

“கால் படாத இடத்துக்கு நீங்க எப்படிப் போனிய? பறந்தா?” என்று ஆவுடை கேட்டாள். அவளுக்கு எப்போதும் இந்த வாய் உண்டு.

ஜனவரி 22, வியாழன்

மார்லீன் அம்மாள் தன் வீட்டு மாடியில் தொலைநோக்கி வைத்திருக்கிறாள். மலை அலுவலகத்துக்குச் சம்பளம் இல்லாத வேலையாக ஆடுகளைப் பார்த்து எழுதிக் கொடுக்கிறாளாம். எங்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். நம் வரையாட்டுக்குப் பங்காளி மாதிரி இருக்கிறது. கிடாவுக்குச் சுருண்ட பெரிய கொம்பு, பெட்டைக்குச் சின்னது. ஒரு பெட்டைக்கு இடது கொம்பு கோணலாக இருந்தது, கழுத்தில் ரேடியோ பட்டை. ஆவுடை அதற்குக் ‘கோணக்கொம்பி’ என்று பெயர் வைத்தாள். மார்லீன் அந்தப் பெயரைச் சொல்லிப் பழகினாள், வாய்க்குள் நுழையவில்லை. இரண்டு பேரும் பாஷை தெரியாமலே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்கு ஒரு கண் சரியில்லை. குழாய்க்குள் பார்த்தால் மங்கலாகத்தான் தெரிந்தது. தெரிகிறது தெரிகிறது என்று சொல்லிவைத்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு. தைப்பூசம்

அபிஷேகம் பிரமாதம். இந்தப் பள்ளத்தாக்கில் பேரீச்சைத் தோப்பு ஏராளம், பஞ்சாமிர்தத்துக்குக் குறையே இல்லை. பால், தேன், பஞ்சாமிர்தம் எல்லாம் பூவோடு சேர்ந்து வழிந்தது. அப்படியே கொண்டுபோய்க் கொட்டினேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

கொட்டிய இடத்தில் ஒரு பூ இல்லை. சுற்றிலும் ஆட்டுப் புழுக்கை. முருகன் தன் வாகனத்தை மாற்றிக்கொண்டான் போல. மனசு நிறைந்தது. வீட்டில் சொல்லவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

கோணக்கொம்பி குட்டி போட்டுவிட்டது. மார்லீன் காலையிலேயே கதவைத் தட்டி ஆவுடையை இழுத்துக்கொண்டு போனாள். “என்னா அழகுங்க! முழங்கால் அளவுகூட இல்ல, அதுக்குள்ள பாறையில தாவுது” என்று ஆவுடை நாள் முழுக்க அதே பேச்சு. நானும் போய்ப் பார்த்தேன். மங்கல்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மார்லீன் என்னிடம் ஆட்டின் வயது, குணம், எந்தப் பாறையில் படுக்கும் என்றெல்லாம் அரை மணி நேரம் பேசினாள். அவளுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. ஊரில் நான் பேச நாலு பேர் கைகட்டிக் கேட்பார்கள். இங்கே என் மகள்கூட எனக்குத் தெருவைக் கடக்கச் சொல்லித் தருகிறாள்.

பிப்ரவரி 23, திங்கள். மாசிக் கார்த்திகை

அபிஷேகம் நடந்தது. வழக்கம்போலக் கொட்டிவிட்டு வந்தேன். வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 26, வியாழன்

கோணக்கொம்பி செத்துப்போயிற்று.

கழுத்துப் பட்டையின் சிக்னல் ஒரே இடத்தில் நின்றுவிட்டதாம். மலை அலுவலகத்திலிருந்து போய்ப் பார்த்தால் காய்ந்த ஓடையில் கிடந்திருக்கிறது. மார்லீன் எங்கள் வாசலில் வந்து நின்று அழுதாள். ஆவுடை அவளை உள்ளே கூட்டிவந்து சுக்குக் காப்பி கொடுத்தாள். குட்டி தாயின் உடம்பைச் சுற்றிச் சுற்றி வந்ததாம். ஆட்களைக் கண்டதும் மேலே ஓடிவிட்டதாம்.

பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வயதான ஆடு. நோய்தான் இருக்கும்.

பிப்ரவரி 27, வெள்ளி

பூவை எலுமிச்சை மரத்தடியில் போட்டேன். முழங்கால் வலி, நடக்க முடியவில்லை.

மார்ச் 2, திங்கள்

குட்டியைக் காணவில்லை என்று மார்லீன் சொன்னாள். மற்ற பெட்டைகள் அடுத்தவள் குட்டிக்குப் பால் கொடுக்காதாம்.

மார்ச் 9, திங்கள்

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அரளி.

மலையடியில் இருக்கிற அரளியெல்லாம் வருஷங்களுக்கு முன்னாலேயே வெட்டியாகிவிட்டதாம். இந்த வரிசையில் மிச்சம் மார்லீனுடைய வேலி ஒன்றுதான். உள்முற்றம், சுற்றிலும் சுவர் என்பதால் விட்டுவைத்திருந்தார்கள். ஆடு அங்கே வர முடியாது. அப்படியானால் வெட்டிய கிளைகளை அவள்தான் வெளியே போட்டிருக்கவேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். ஆடு பார்க்கிற வேலையிலிருந்து அவளைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டார்கள்.

செண்பகா சாப்பாட்டு மேஜையில் இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மோர் கேட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

பூப்பறித்த முதல் நாள் மார்லீன் சொன்ன இன்னொரு விஷயம் இது: இந்தச் செடியின் ஒரு இலைகூட மலைப்பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். எனக்கு நன்றாகவே புரிந்தது. இலை என்றுதானே சொன்னாள், நான் போட்டது பூ என்று நேற்று ராத்திரி முழுக்க எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11, புதன்

ஆவுடை கேட்டுவிட்டாள். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அந்த ஆடு நம்ம பூவைத்தானே தின்னுச்சு?”

“ஆடு அரளியைத் தொடாது. உனக்குத் தெரியாதா? நம்ம ஊர்ல வரப்பு பூரா அரளி நிக்கி, எந்த ஆடு கடிச்சிருக்கு?”

“அது பச்சை. கசக்கும். நாம போட்டது வாடினதுல்லா? போதாக்குறைக்குப் பஞ்சாமிர்தம் வேற ஒட்டியிருக்கு. இனிப்பு கண்டா ஆடு விடுமா?”

ஒரு வேட்டியை உதறி மடித்துவிட்டு மேலே சொன்னாள்.

“அந்தப் பொம்பளை புருஷன் வச்ச செடிங்க. நாளான்னைக்கு மீட்டிங்ல வச்சு அவளைக் கேக்கப் போறாவளாம். போயி நாந்தான்னு சொல்லிருங்க.”

மாப்பிள்ளை வேலை, எங்கள் விசா, தடை செய்த இடத்தில் போனதற்கு என்ன தண்டனையோ என்று அடுக்கினேன். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். அவள் கடைசித் துணியை மடித்து வைத்துவிட்டு, “உங்களுக்குப் பயமா இருக்குன்னு சொன்னா நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. மாப்பிள்ளையை ஏன் இழுக்கிய?” என்றாள்.

மார்ச் 13, வெள்ளி

கூட்டத்துக்கு நானும் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

சங்கக் கட்டடத்தில் நாற்பது பேர் இருக்கும். மலை அலுவலகத்திலிருந்து கிரேஸ் என்ற பெண் அதிகாரி வந்திருந்தாள். மார்லீன் முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கிளைகளை எப்போதும் மூட்டை கட்டித்தான் அனுப்பினேன், ஒருவேளை காற்றில் ஏதாவது பறந்திருக்கலாம், என் தவறாகத்தான் இருக்கும், வேலியை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னாள். அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். அதைக் கேட்டு எனக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது. கேவலமான நிம்மதி.

அப்போது ஆவுடை எழுந்தாள்.

“நோ. மார்லீன் நோ,” என்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ஃப்ளவர். மை காட் ஃப்ளவர். மவுண்டன்ல போட்டேன். மீ. நான்தான். ஸாரி.”

செண்பகா பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். “அம்மா, என்னம்மா சொல்லுத?” ஆவுடை அவளிடமும் தமிழில், “நீ சும்மா இரு. நாந்தான் போட்டேன்னு அவிய பாஷையில சொல்லு” என்றாள்.

செண்பகா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், பையை எடுத்துக்கொண்டு போனது யாரென்று. நான் எழுந்திருக்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தேன். பிடித்தபடியே இருந்தேன். அவள் திரும்பி, தாய் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

யாரும் கோபப்படவில்லை. பூஜைப்பூவைக் குப்பையில் போடமாட்டோம், கால் படாத இடத்தில்தான் போடுவோம் என்று செண்பகா விளக்கியதும் கூட்டத்தில் ஐயோ பாவம் என்று ஒரு சத்தம் எழுந்தது. பாஷை தெரியாதவள், போர்டு படிக்கத் தெரியாதவள். கிரேஸ் எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்ததோடு விட்டாள். மார்லீன் ஆவுடையைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆட்டுக்காகவா, இவளுக்காகவா என்று தெரியவில்லை.

என் மனைவிக்குப் போர்டு படிக்கத் தெரியாதுதான். படித்தவன் நான்.

மார்ச் 14, சனி

வீட்டில் யாரும் என்னோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டால் தேவலை.

காலை நடையில் இரண்டு பேர் ஆவுடையைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். அவள் நேரே பார்த்து நடந்தாள். நான் நாலடி பின்னால்.

மார்ச் 15, ஞாயிறு

எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

கார்த்திகையன்று மிச்சப் பஞ்சாமிர்தத்தையெல்லாம் ஆவுடைக்குத் தெரியாமல் ஒரு டப்பாவில் வழித்து எடுத்துப் போனேன். பூவோடு சேர்த்துப் பிசைந்தேன். நிர்மால்யம் போடுவதற்காக அல்ல. தைப்பூசத்தன்று தின்றுவிட்டுப் போனதே, அது மறுபடி வரவேண்டும் என்று. மார்லீன் குழாய் வழியாகப் பார்க்கிற ஆட்டை நான் கண்ணுக்கெதிரே பார்க்கவேண்டும், அது என்னிடம் வரவேண்டும் என்று.

பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வந்தது. கோணக்கொம்பியேதான், குட்டியோடு. நான் கையை நீட்டினால் எட்டிவிடும் என்கிற தூரம். அதன் தாடை அசைவதுகூடக் கேட்டது. முதலில் இனிப்பை நக்கியது, பிறகு பூவையும் சேர்த்தே மென்றது. ஒரு தடவை கையைத் தட்டியிருந்தால் ஓடியிருக்கும். இரண்டு பூவில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். இரண்டு பூ இல்லை, ஒரு படி இருக்கும். குட்டி பக்கத்தில் நின்று தாயின் வாயை முகர்ந்து பார்த்தது. ஊருக்குப் போய் இதைச் சொன்னால் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள் என்று எண்ணி எனக்குப் பெருமை பொங்கியது.

இதைவிட வெட்கங்கெட்ட காரியம் என் ஆயுசில் செய்ததில்லை. அதற்கு அடுத்தபடி, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

மாப்பிள்ளையிடம் மலை அலுவலகத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. வாசலில் இறக்கிவிட்டு, “நானும் உள்ள வரட்டா மாமா?” என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன்.

கிரேஸிடம் நேரே சொன்னேன். பூவைப் போட்டது நான், என் மனைவி அல்ல. அவள் ஒரு தடவைகூட அங்கே வந்ததில்லை. எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், தடுமாறாமல்தான் சொன்னேன்.

அவள் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தாள். முகமெல்லாம் கனிவு. மனைவி பெயரில் எச்சரிக்கை இருப்பது உங்களுக்கு வருத்தமாக இருக்கும், எனக்குப் புரிகிறது என்றாள். இதனால் அவருக்கு ஒரு கஷ்டமும் வராது, பயப்பட வேண்டாம். மனைவியின் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள இவ்வளவு தூரம் வருகிற மனிதர்களை அடிக்கடி பார்ப்பதில்லை என்றாள்.

இல்லை, உண்மையாகவே நான்தான் என்றேன். அவள் தலையை ஆட்டிச் சிரித்தாள். பஞ்சாமிர்த டப்பாவைப் பற்றிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்லியிருந்தால் நிச்சயமாக நம்பியிருப்பாள். நாக்கு நுனி வரை வந்தது. உங்கள் மனைவி கொடுத்துவைத்தவர் என்று அவள் கை கொடுத்தாள்.

நான் தேங்க் யூ என்றேன்.

மார்ச் 19, வியாழன்

மார்லீன் வேலியை வெட்டிவிட்டாள். ஆளை வைத்து வேரோடு எடுத்தாள். வேலையில் அவளை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். மலையைப் பார்க்கிற பக்கம் இப்போது வெறும் சுவர்.

சாயந்தரம் பேரீச்சம்பழக் கேக் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். நான் அலுவலகத்துக்குப் போனதைக் கிரேஸ் அவளிடம் சொல்லியிருக்கிறாள். அவளிடமாவது சொல்லிவிடவேண்டும் என்று எழுந்தேன். “மார்லீன், நான் சொன்னது பொய்யில்லை” என்று ஆரம்பித்தேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று தட்டிக்கொடுத்தாள். என் புருஷனும் இப்படித்தான் செய்திருப்பார் என்றாள்.

பிறகு ஆவுடை பக்கம் திரும்பி, அவள் தோளைத் தொட்டு ஒரு வாக்கியம் சொன்னாள். செண்பகா வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. மாப்பிள்ளையும் இல்லை.

ஆவுடை என்னைப் பார்த்தாள். “என்ன சொல்லுதா?”

“ஒண்ணுமில்ல. கேக் சாப்பிடச் சொல்லுதா.”

“கேக்குக்கு எதுக்கு அவ கண்ணுல தண்ணி நிக்கி? என்ன சொன்னான்னு சரியாச் சொல்லுங்க.”

மார்லீன் இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தபடி காத்துக்கொண்டிருந்தாள். சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று எனக்குக் கை காட்டினாள்.

“உனக்கு நல்ல புருஷன் வாச்சிருக்கான்னு சொல்லுதா.”

ஆவுடை கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மார்லீனிடம் திரும்பி, “யெஸ்” என்றாள். கேக்கை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.